சிங்கப்பூர் பேறுகாலச் சலுகைகள்: ஒரு திருத்தம்

"சிங்கப்பூரில் குழந்தை பெற்றால் 16 வாரச் சம்பள விடுப்பும் 11,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அரசு போனஸும் எல்லோருக்கும் கிடைக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த இரண்டும் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தைக்குத்தான். இங்கே பிறந்ததாலேயே குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாக இருக்க வேண்டும்.

வேலை பாஸில் (வெளிநாட்டினருக்கான வேலை அனுமதியில்) இருக்கும் நம் பெண்களுக்கு வேலைவாய்ப்புச் சட்டப்படி 12 வாரம் விடுப்பு. அதிலும் சட்டம் கட்டாயமாக்கும் சம்பளம் முதல் 8 வாரத்துக்கு மட்டுமே. அதற்கும் பிரசவத்துக்கு முன் அந்த நிறுவனத்தில் 3 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் அந்தச் சம்பளமும் கட்டாயமில்லை. மீதி 4 வாரச் சம்பளம் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அப்புறம், அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டினருக்கு மானியம் கிடையாது.

மற்றபடி கைக்குழந்தையோடு நடமாட அருமையான ஊர். 2017 முதல் ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டியை) மடிக்காமலே பேருந்தில் ஏற்றலாம். தூங்கும் மகளை எழுப்பாமலே தேக்கா சந்தைக்குப் போய், பத்தியத்துக்குப் பால்சுறா வாங்கி வந்திருக்கிறேன்.