கிம் மேடையிலேயே இறக்கவில்லை

குன்னூர் டீக்கடையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: கொரியக் குத்துச்சண்டை வீரர் கிம் டுக்கூ மேடையிலேயே இறந்தாராம், ரசிகர்கள் கைதட்டினார்களாம், மறுநாளே எல்லாப் போட்டியும் 12 சுற்றாகக் குறைந்ததாம்.

நடந்தது வேறு. 1982 நவம்பர் 13, லாஸ் வேகாஸ். 14ஆம் சுற்றில் எதிராளியான அமெரிக்க வீரர் ரே மான்சினியின் வலக்கைக் குத்தில் சாய்ந்த கிம், மேடையைச் சுற்றிய கயிற்றைப் பிடித்துத் தள்ளாடி எழுந்தார். நடுவர் போட்டியை நிறுத்தினார். பிறகுதான் கிம் நினைவிழந்தார். மூளையில் ரத்தக்கசிவு, அறுவை சிகிச்சை. நான்கு நாளில் மரணம். கைதட்டல் வெற்றிக்கானது, சாவு அப்போது யாருக்குத் தெரியும்? மான்சினியே பல காலம் குற்றவுணர்வில் தவித்தார். ரசிகனான நானும் அந்தச் சுற்றை முழுதாகப் பார்த்ததில்லை, கயிற்றைத் தேடும் அந்தக் கை வந்ததும் நிறுத்திவிடுவேன்.

12 சுற்று? உலகப் பட்டப் போட்டிகளை அங்கீகரிக்கும் அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டை கவுன்சில் அதை அடுத்த மாதம் அறிவித்தது. இன்னொரு அமைப்பான உலகக் குத்துச்சண்டைச் சங்கம் 1987இல்தான் 12 சுற்றுக்கு மாறியது.