தண்டனை இல்லை, குற்றம் உண்டு

ஜெர்மனியில் கருக்கலைப்பு சட்டபூர்வமாகிவிட்டது, இனி என்ன கூச்சம் என்கிறது ஒரு கட்டுரை. தவறு. அது இன்றும் குற்றவியல் சட்டத்தின் 218ஆம் பிரிவில்தான் இருக்கிறது. நிபந்தனைகளோடு தண்டனை மட்டும் விலக்கு. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஆலோசனை பெற்ற சான்றிதழ் வேண்டும். அதன்பின் குறைந்தது 3 நாள் காத்திருக்க வேண்டும். கருத்தரித்து 12 வாரம் தாண்டக்கூடாது (கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் 14, கணக்கு குழம்புவது இங்கேதான்). ஆலோசனை தந்தவரே கலைப்பைச் செய்யவும் முடியாது.

இந்த வழியில் போனால் பொது மருத்துவக் காப்பீடு கலைப்புச் செலவை ஏற்காது. வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலம் தரும், ஆனால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கலைப்பு செய்வதாக இணையதளத்தில் தெரிவித்ததற்கே 2017இல் மருத்துவர் கிறிஸ்டினா ஹேனலுக்கு 6,000 யூரோ அபராதம் விதித்தார்கள். விளம்பரமாம்! கருக்கலைப்பு விளம்பரத்தைத் தடைசெய்த அந்த 219அ பிரிவு 2022இல்தான் நீங்கியது.