ரவுட்டரில் தெரியும் ‘5ஜி’ கோபுரத்து 5ஜி அல்ல

ஹட்டன், பண்டாரவளைப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “வைஃபை பெயருக்குப் பின்னால் 5ஜி என்றிருந்தால் அது கோபுரக் கதிர், பிள்ளைகளுக்கு ஆபத்து, உடனே நிறுத்துங்கள்.”

தவறு. கோபுரத்து 5ஜி ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்பு. வைஃபை பெயரில் இருப்பது 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை; 1999இல் வந்த 802.11ஏ என்ற வைஃபை தரத்திலேயே அது உண்டு. இரண்டுமே எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர் அல்ல. உலக சுகாதார நிறுவன இணையதளத்தில் பார்க்கலாம்.

நிறுத்தினால் நட்டம் நமக்குத்தான். வைஃபையின் மற்ற அலைவரிசையான 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், ஆனால் ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. மூத்தவள் சூம் வகுப்பில், சின்னவன் யூடியூப்பில், அப்பாயி கட்டாரிலுள்ள மகனோடு வீடியோ கோலில் என்றால், ரவுட்டர் உள்ள அறையில் 5 கிகாஹேர்ட்ஸ்தான் கைகொடுக்கும். கருங்கல் சுவர் வைத்த பழைய லயத்தில் அடுத்த காம்பராவுக்கே அது திணறும் (ரவுட்டரைச் சாமித்தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் இன்னும் மோசம்). அங்கே லேன் வயர் இழுத்து இன்னொரு அக்சஸ் பொயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வைப்பதே மேல்.

சந்தேகமென்றால் ரவுட்டரைத் திருப்பி அடியிலுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். பல அன்ட்ராய்ட் போன்களில் வைஃபை விபரத்திலும் அலைவரிசை தெரியும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.