மவுசைப் பிடித்தவனிடம் கன்ட்ரோலரின் ‘எக்ஸ்’ பட்டனை அழுத்தச் சொன்னால்?

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவில் ஏறி இறங்கி, ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கியது எதற்கு? டிவியில் மாட்டி ஆடும் கன்சோலிலிருந்து பிசிக்கு வந்த இந்தப் படை விளையாட்டு திரையில் நொடிக்கு 30 பிரேமை, அதாவது 30 படத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. விளையாட்டுக்குள் கண்ணில் படும் பார்வைக் கோணம் வேறு குறுகல். சோபாவிலிருந்து டிவி பார்ப்பவனுக்குச் சரி, மானிட்டருக்கு ஒரு முழம் தள்ளி இருப்பவனுக்குத் தலை சுற்றாதா? கூட்டாளிகளுக்கு உத்தரவு போடும் சக்கரப் பட்டியலும் கன்ட்ரோலர் குச்சிக்காகச் செய்ததுதான். ‘அங்கே போய் மறைந்துகொள்’ என்பதை மவுசால் தேடிப் பிடிப்பதற்குள் ஒருவன் சுருண்டு விழுந்துவிடுகிறான். கீபோர்டில் ஆளுக்கு ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால் முடிந்தது வேலை! துப்பாக்கிச் சத்தமும் கதையும் அருமை, அதுதான் வயிற்றெரிச்சல். செட்டிங்ஸில் பார்த்தால் கன்ட்ரோலரின் அதிர்வைக் கூட்டிக்கொள்ளலாமாம். எதை அதிரவைக்க, என் மேசையையா?