கப்பல்ல ஏத்தினதுக்குத்தான் காசு

ஆஸ்திரேலியான்னு சொன்னதுமே "அது கைதிங்களைக் கொண்டுபோய் விட்ட நாடுதானே"ன்னு சாதாரணமா பேசிட்டுப் போயிடுறோம். 1790ல கைதிங்களை ஏத்திட்டுப் போன கப்பலுக்குள்ள நடந்ததைப் படிச்சதுக்கப்புறம் என்னால அப்படிப் பேச முடியல.

1787ல ஆர்தர் பிலிப் தலைமையில கைதிங்களை ஏத்திக்கிட்டு இங்கிலாந்துலேர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு முதல் தடவையா 11 கப்பல் போச்சு. எட்டு மாசப் பயணம், ஆனாலும் சாவு கம்மிதான். கிளம்புறதுக்கு முன்னாடியே கைதிங்களுக்கு நல்ல சாப்பாடு, துணிமணி வேணும்னு அந்த மனுஷன் அதிகாரிங்களுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டுருக்காரு.

அடுத்த தடவை காண்ட்ராக்ட் போனது கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங்ங்கிற கம்பெனிக்கு, இவங்க ஏற்கனவே ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமைகளை ஏத்தி வித்துக்கிட்டிருந்தவங்க. ஒரு கைதிக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஏத்தின தலைக்குத்தான் அந்தக் காசு, அந்த ஆள் உயிரோட போய்ச் சேரணும்னு ஒரு கண்டிஷனும் கிடையாது! வழியில செத்தா அவன் பங்கு சாப்பாடு மிச்சம், அதைக் கரையில வித்துக்கலாம். இப்படி ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டப்பவே பாதி கொலை நடந்துடுச்சுன்னுதான் நான் சொல்லுவேன்.

நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோன்னு மூணு கப்பல். சுமார் ஆயிரம் பேரை ஏத்தினதுல நாலுல ஒருத்தர் கடல்லயே போயிட்டாங்க, நெப்டியூன்ல மட்டும் 150க்கு மேல. அடிமைக் கப்பல்ல போடுற இரும்பு விலங்கைக் கால்ல மாட்டி, கீழ்த்தளத்துல தண்ணி ஏறிக் கிடக்க, ஈரத்துலயே படுத்துருந்துருக்காங்க. பக்கத்துல படுத்தவன் செத்தாலும் வெளிய சொல்லாம பொணத்தோடயே கிடந்தாங்களாம், அவனோட ரேஷனும் கிடைக்குமேன்னு. இந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்துருந்தேன்.

சிட்னியில கப்பல் வந்து நின்னப்ப ரிச்சர்ட் ஜான்சன்ங்கிற பாதிரியார் சர்ப்ரைஸோட கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்துருக்காரு. நடக்கவே முடியாதவங்களைப் பீப்பாயை இறக்குற மாதிரி கட்டி இறக்குனாங்கன்னும், வெளிக்காத்து பட்டதுமே சிலர் மேல்தளத்துலயே உயிரை விட்டுட்டாங்கன்னும் அவர் எழுதி வச்சதாலதான் இன்னைக்கு நமக்குத் தெரியுது. நெப்டியூன் கேப்டன் டொனால்ட் டிரெயில் மேல 1792ல லண்டன்ல கொலை கேஸ் நடந்துச்சு, விடுதலை ஆயிட்டாரு. ரொட்டி திருடினவனுக்கு ஏழு வருஷம் நாடு கடத்தல் கொடுத்த அதே நாட்டு நீதிதான் இது. எனக்கு இன்னும் ஆறல.

அப்புறம் உயிரோட இறக்கிவிட்டாத்தான் முழுக் காசுங்கிற மாதிரி காண்ட்ராக்ட்டை மாத்தினாங்க, சாவு குறைஞ்சுது. ஆனாலும் 1814ல மறுபடி சில கப்பல்ல நோய் வந்து நிறைய பேர் செத்தாங்க. அதை விசாரிச்சு, ஒவ்வொரு கப்பல்லயும் அதிகாரத்தோட ஒரு டாக்டர் இருந்தே ஆகணும்னு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவர் வில்லியம் ரெட்ஃபெர்ன். கப்பற்படைக் கலகத்துல மாட்டி, மரண தண்டனையிலேர்ந்து தப்பி, 1801ல அவரும் கைதியா அதே கடல்வழில வந்து இறங்கினவர்தான்.