"மாத்திரை போட்டியா?" என்று இனிக் கேட்பதில்லை

பங்குனித் திருவிழாவுக்கு மன்னார்குடி போயிருந்தபோது, பால்காரருக்குச் சில்லறை கொடுக்க அம்மாவின் சுருக்குப்பையைத் துழாவினேன். கையில் வந்தது கல்கண்டு. செய்தித்தாள் துண்டில் மடித்து ஒரு பிடி. பதினாலு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவள். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 9.4. கத்தினேன். "அங்க நான் நாயா அலைஞ்சு மருந்துக்குப் பணம் அனுப்புறேன், நீ இங்க கல்கண்டு தின்னுக்கிட்டு இருக்க" என்றேன். பணத்தைச் சொல்லிக் காட்டியதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அம்மா எதுவும் பேசவில்லை. பொட்டலத்தை வாங்கி, திரும்ப மடித்து, பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ராத்திரி அக்காதான் சொன்னாள். "அவளுக்குக் காலையில படபடன்னு வருதாம்டா. கை நடுங்கி, வேர்த்துக் கொட்டுதாம். அப்ப ரெண்டு வாயில போட்டா நிக்குதாம். அதுக்குத்தான் வச்சிருக்கா."

அம்மா சாப்பிடுவது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. இந்தக் கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதற்குப் பின்னாலேயே சாப்பாடு உள்ளே போக வேண்டும். அம்மா காலை ஆறரைக்கு மாத்திரையை விழுங்கிவிடுவாள், அதில் பிசகே கிடையாது. அப்புறம் குளியல், கோலம், விளக்கேற்றுவது, அப்பாவுக்கு டிபன், பாத்திரம். அவள் தட்டில் இட்லி விழும்போது பத்தேகால். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் என்றால் மதியம் தாண்டிவிடும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்நிலை என்பார்கள். அம்மா வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருந்திருக்கிறாள். அதற்குப் பெயர் தெரியாமலே சரியான முதலுதவியையும் தானே கண்டுபிடித்து, மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அதைப் பிடுங்கத்தான் நான் குதித்தேன்.

இன்னொரு வைத்தியமும் செய்திருக்கிறாள். மாத்திரையை ஒடித்துப் பாதியாக்கிவிட்டாள். படபடப்பு குறைந்தது. ஆனால் அதில் இருக்கும் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரைவதற்கென்று செய்தது, முழுசாகத்தான் விழுங்க வேண்டும். ஒடித்தால் மொத்தமாக இறங்கி வயிற்றைப் பிரட்டும். பிரட்டியதும் நாலு நாள் மாத்திரையே வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். நான் தினமும் ராத்திரி போனில் "மாத்திரை போட்டியா?" என்பேன். "போட்டேன்" என்பாள். பாதி போட்டதும் போட்டதுதானே.

எங்கள் பழைய டாக்டருக்கும் இதில் பங்கு உண்டு. ரிப்போர்ட்டைப் பார்ப்பார், "வாயைக் கட்ட மாட்டேங்குறீங்களேம்மா" என்பார், பவரைக் கூட்டி எழுதுவார். ரெண்டே நிமிஷம். பவர் கூடக் கூட படபடப்பு கூடும், கல்கண்டும் கூடும். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. ரத்தம் எடுக்கப் போகும் முன் ரெண்டு நாள் கேழ்வரகுக் கூழோடு நிறுத்திக்கொள்வாள். வெறும் வயிற்றில் 118 வந்தால் பாஸான பிள்ளை மாதிரி சீட்டைக் காட்டுவாள். எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கு என்று சொன்னால், "அது மிஷின் கோளாறு" என்பாள்.

"வயசானா குழந்தை மாதிரி ஆயிடுவாங்க" என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. எந்தக் குழந்தை மூணு மா நிலத்துக் குத்தகைக் கணக்கை மனசிலேயே வைத்திருக்கிறது? அவளுக்குக் காரணம் இருந்தது, அது நமக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, செலவு, எல்லாவற்றுக்கும் மேலே நம் கத்தல். மறைக்காமல் என்ன செய்வாள்? அதற்காக எல்லாவற்றையும் அவள் போக்குக்கு விட்டுவிட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

அதே திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று எங்கள் ஊர்ப் பெருமாள் ராஜகோபாலனுக்கு வெண்ணெய் வீச, செருப்பில்லாமல் வெயில் தெருவில் பல்லக்கோடு நடந்திருக்கிறாள். ரெண்டு நாள் கழித்துத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பார்க்கிறேன், உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம், உடைந்து நீர் வடிகிறது. எப்போது வந்தது என்று கேட்டால் குனிந்து பார்த்து அவளே ஆச்சரியப்படுகிறாள். வலிக்கவே இல்லையாம்.

மறுநாளே தஞ்சாவூரில் வேறு டாக்டர். அவர் நைலான் இழை மாதிரி ஒன்றை எடுத்து, "கண்ணை மூடிக்குங்கம்மா, படுறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். முன்னங்கையில் வைத்தார், "ம்". கணுக்காலில், "ம்". கட்டைவிரல் அடியில் இழை வளையும் அளவுக்கு அழுத்தினார். அம்மா கண்ணை மூடி, பாடம் ஒப்பிக்கிறவள் போலக் காத்துக்கொண்டே இருந்தாள். குதிகாலிலும் அப்படியே. கண்ணைத் திறந்து, "ஆரம்பிக்கலையா தம்பி?" என்றாள். அறையில் யாரும் பேசவில்லை.

அவர்தான் முதலில் கேட்டார்: "காலையில எப்பம்மா சாப்பிடுவீங்க?" கிளிமிபிரைடை நிறுத்தி, சர்க்கரையை அப்படி இறக்காத ஒன்றை எழுதினார். இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை, தட்டைப் போட்ட பிறகுதான் மாத்திரை என்றார். (இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு மாத்திரையில் கை வைக்காதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.) கொப்புளம் ஆற ஐந்து வாரம் ஆனது.

வாயால் சொல்லி அவளைக் கேட்க வைக்கிற ஒரே ஆள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பெண். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டம். எங்கள் தெருவுக்கு வருகிறவர் பக்கத்துத் தெருக்காரர்தான். பிரஷர் பார்க்க வந்தால் "அத்தை" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். காபி, ஊர்க்கதை, நடுவில் "காலைக் காட்டுங்க அத்தை". அம்மா உடனே காட்டுகிறாள். நான் கேட்டால் புடவையை இழுத்து மூடிக்கொள்கிறவள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வருஷம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "ஊசியில நூல் கோக்குறேன், எனக்கென்ன கண்ணுக்கு" என்கிறாள். கெடுவது ஆரம்பத்தில் தெரியாது என்று நான் சொன்னால், "அப்ப பார்த்து என்ன பண்றது?" என்கிறாள். அக்கா வாங்கிக் கொடுத்த மெத்தைச் செருப்பு அட்டைப்பெட்டியோடு பீரோவுக்கு மேலே இருக்கிறது.

போனில் இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன். நேற்றுக் கேட்டேன்:

"காலையில எத்தனை மணிக்குச் சாப்பிட்ட?"

"எட்டு."

"நிஜமா?"

"எட்டரை இருக்கும்." அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம். "அப்பா குளிச்சுட்டு வர லேட்டாயிடுச்சுடா... ஒம்பதுன்னு வச்சுக்கயேன்."