அந்த மூன்று பெண்கள் தோடர்கள் அல்ல

குனிந்த பார்வையோடு மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கும் ஓவியம் ஒன்று, “அம்ரிதா ஷெர்கில் ஊட்டியில் தங்கி வரைந்த தோடர் பெண்கள்” என்று நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களைப் பற்றிய இந்தத் தகவல் தவறு.

ஓவியர் ஷெர்கிலின் ‘மூன்று பெண்கள்’ என்ற இந்த ஓவியம் 1935-இல் வரையப்பட்டது. அவருடைய தென்னிந்தியப் பயணம் தொடங்கியதே 1936 கடைசியில்தான். உடையைப் பார்த்தாலே போதும். தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்ற போர்வை வெள்ளைப் பருத்தித் துணி. சிவப்பு, கறுப்பு நூலில் நெருக்கமான பூவேலை. அது படத்தில் எங்கே இருக்கிறது?

1937-இல் பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்ற ஓவியம் இது. இப்போது டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெறுமையான பின்னணி, அலங்காரமற்ற முகங்கள்; என்ன ஒரு அடக்கம்! தோடர் பெண்களுக்கும் இந்தப் படத்துக்கும் பொய்ப் பெருமை தேவையில்லை. தயவுசெய்து பகிராதீர்கள்.